சாமி கை படாத அணில்

அணிலுக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டதை நான் கண்டுகொண்ட காலையில், அதற்குப் பால்சோறு ஊட்டத்தான் போயிருந்தேன். வெல்லம் கரைத்து ஒரு சொட்டு நெய்யும் விட்ட பால்சோறு. கிண்ணத்தைக் கண்டால் பிஸ்கட் டின்னிலிருந்து ஒரே தாவலில் என் மணிக்கட்டுக்கு வந்துவிடும் பிராணி, அன்று முன்கால் இரண்டையும் ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வந்தது. பின்பாதி ஈரத்துணி மாதிரி தரையில் தேய்ந்துகொண்டே வந்தது. கிண்ணத்தருகே வந்து நின்று மூச்சு வாங்கியது. அப்புறம் சாப்பிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கால் போன பிறகும் என் கிண்ணத்தை நம்பிச் சாப்பிட்டது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஈப்போ பட்டணத்தில், புந்தோங் பகுதியில் இருந்த சித்தப்பா வீட்டில் தங்கி, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு முடித்துவிட்டு, அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பி ஓராண்டு ஆகியிருந்தது. அப்பா அங்கே பெரிய கிராணி. துரையின் ஆபீசில் எழுத்து வேலையெல்லாம் அவர் கையில். எனக்குத்தான் வேலை ஒன்றும் கிடையாது. தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன். ஆபீசுக்கு வரும் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை விளம்பரம் விடாமல் படித்தேன். வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் நிரை நிரையாகப் பால்மரம். எந்தப் பக்கம் ஓடினாலும் அதே மரம், அதே கோப்பை, அதே வெட்டு. அணில் வந்த பிறகுதான் எனக்குப் பகல் போதாமல் போனது.

அதைக் கொண்டுவந்தது பால் வெட்டும் அக்கா ஒருத்தி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிரைகள் அவளுடையவை; குடியிருந்தது லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில். ஒரு நாள் பலத்த காற்றில் கிழட்டு மரம் ஒன்று வேரோடு சாய்ந்துவிட்டது. மறுநாள் காலை வேலை முடிந்து, தலைத்துணியில் எதையோ முடிந்துகொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தாள்.

"கிராணியம்மா, கூடு செதறிப் போச்சு. மத்ததெல்லாம் செத்துருச்சு. இது ஒண்ணுதான் கீச்சு கீச்சுங்குது. லயத்துல வச்சா நாய் தூக்கிரும். இங்க வச்சா பொழைக்கும்லா."

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அடடா, சாமி கை பட்ட ஜீவனாச்சே!"

அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். அவள் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. மணல் சுமந்து உதவிய அணிலைச் சாமி வருடிக்கொடுத்ததால் விழுந்த விரல் தடம் அது. கண் திறக்காத இந்தக் குஞ்சின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகு வெறும் பழுப்பு. விலாவில் வெள்ளையாக ஒரு கீற்று, அதன் கீழே கறுப்பாக ஒரு கீற்று. வயிறு செங்கல் நிறம்.

"கோட்டைக் காணுமே," என்றாள்.

"நம்மள மாதிரி அதுவும் கப்பல்ல வந்துச்சோ என்னமோ. உப்புத்தண்ணி பட்டு அழிஞ்சு போயிருக்கும்," என்றாள் பால் வெட்டும் அக்கா.

அம்மா சிரித்துவிட்டாள். ஆனால் அவள் மனதில் தீர்ப்பு அப்போதே எழுதியாகிவிட்டது. சாமி தொட்ட சாதி, ஆகவே சைவம். எங்கள் வீடோ வெங்காயத்துக்கே வருஷத்தில் பல நாள் விடுமுறை கொடுக்கிற வீடு. அந்த வீட்டு அடுப்பங்கரையில், பிஸ்கட் டின்னுக்குள் இலவம்பஞ்சுப் படுக்கை போட்டு, கோடில்லாத அணில் வளர ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் கலந்த டின் பால், துணித்திரியில். கண் திறந்ததும் பால்சோறு. பிறகு பூசை வாழைப்பழம், வெல்லக்கட்டி, வெள்ளிக்கிழமைதோறும் சர்க்கரைப் பொங்கல்.

பழியை அம்மா தலையில் கட்ட மாட்டேன். ஊட்டியது என் கை. பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படித்தவள் நான். உடம்பை வளர்க்கும் உணவு, உடம்புக்குச் சூடு தரும் உணவு என்று கட்டம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவள். அந்தக் கட்டத்தை ஒரு நாளாவது அணிலுக்குப் போட்டுப் பார்த்தேனா? இல்லை. அது குண்டாக இருந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டினேன். வெளியே விட்டால் பூனை, மேலே பருந்து என்று மூன்று மாதமும் அடுப்பங்கரையை விட்டு அதை அசையவிடவில்லை.

கால் விழுந்த அன்று வெள்ளிக்கிழமை. பிஸ்கட் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே டாக்டர் கிடையாது, டிரசர் உண்டு. காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும், வெட்டுக்காயம் கட்டுவதும், யார் நாளை வேலைக்குப் போகலாம் என்று சொல்வதும் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், கண்டிப்பானவர். அணிலின் இடுப்பை இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். அது கத்திய கத்தலில் வரிசையில் நின்ற காய்ச்சல்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எலும்பு ரப்பர் பால்ஷீட் மாதிரிக் கிடக்கு. மடிச்சால் மடியும்," என்றார். "என்ன சாப்பாடு குடுத்தனீர், பிள்ளை?"

சொன்னேன். சொல்லும்போதே கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஓ! கலியாண வீட்டுச் சாப்பாடு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உது தப்பாது. நாளுக்கு நாள் நோதான் கூடும். நாளைக்குக் கொண்டு வாரும். குளோரபாரம் கிடக்கு. நித்திரை கொள்ளுற மாதிரிப் போயிடும்."

"ஒரு மாசம் கொடுங்க ஐயா."

"ஏன்?"

"நடக்க வைக்கிறேன்."

"எப்பிடி?"

அதுதான் எனக்குத் தெரியாதே. ஆனால் வாய் நிற்கவில்லை. "என் கையாலதான் இப்படி ஆச்சு. என் கையாலேயே சரி பண்றேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை அழுதுவிட்டுத் திரும்பியிருப்பேன். "நோகிறது அதுக்கு. ஆசை உமக்கு," என்றார். "ஒரு மாசம் தரமாட்டன். மூண்டு கிழமை. மூண்டாவது வெள்ளிக்கிழமை நான் வருவன். கொம்பில ஏறினால் உம்மட அணில். ஏறாட்டி என்ர கையில தரவேணும். அழக்கூடாது."

"அழமாட்டேன்."

வாசல்படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டது. "பிள்ளை, ஈயச் சுரங்கத்துச் சீனருக்கு வெள்ளை அரிசி திண்டு திண்டு கால் விழுந்த கதை தெரியுந்தானே? எங்கட ஆக்கள் புழுங்கல் அரிசி திண்டவை, அவைக்கு வரேல்லை. சாப்பாட்டில என்னவோ குறையுது. என்ன எண்டு எனக்குத் தெரியாது. நான் மனிசருக்குத்தான் மருந்து குடுக்கிறனான்."

போதாதா எனக்கு? வீடு வந்து சேருவதற்குள் வைத்தியம் தயார். சீனருக்கு விழுந்ததும் கால், அணிலுக்கு விழுந்ததும் கால். தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய அரிசியில் குறைவது தவிடு. ஆகவே தவிடு! பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் 'உணவு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். தவிடு சைவம் என்பதால் அம்மாவுக்கும் ஆட்சேபம் இல்லை. அவளே கஞ்சி காய்ச்சித் தந்தாள். அணில் முகத்தைத் திருப்பியது. வெல்லம் கலந்து கொடுத்தேன். கொஞ்சம் உள்ளே போனது.

ஆறு நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் அணிலால் வாழைப்பழத்தோலைக்கூடக் கடிக்க முடியவில்லை. தாடையும் தளர்ந்துவிட்டிருந்தது. மூன்று வாரத்தில் ஒரு வாரத்தை மாட்டுத்தீவனத்தில் தொலைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பால் வெட்டும் அக்கா பின்வாசலில் எட்டிப் பார்த்தாள். கிண்ணத்தை மோந்துவிட்டு, "என்ன பாப்பா, மாட்டுக்கு வைக்கிறத அணிலுக்கு வைக்கிற?" என்றாள்.

"அப்ப என்னதான் வைக்கணும்? சொல்லுங்கக்கா!" எரிந்து விழுந்தேன்.

"என்னை எதுக்குக் கேக்குற? அதோட சாதி சனம் காட்டுல இல்ல? அதுங்களப் போய்க் கேளு. என் நிரைக் கடைசியில ஒண்ணு சுத்துது. நான் பாத்த வரைக்கும் அது பால்சோறு தின்னதில்லை."

மறுநாள் விடியும்போதே அவளோடு கிளம்பினேன். அம்மா, "கிராணி வீட்டுப் பொண்ணு பால்வெட்டுக் காட்டுக்கா?" என்று தடுத்தாள். "அம்மா, எனக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். நிரை முடிந்து புதர்க்காடு தொடங்கும் இடத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு அக்கா பால் வெட்டப் போய்விட்டாள். கொசு பிடுங்கியது. அட்டை ஏறியது. நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

மூன்று நாள் காலையிலும் பார்த்தேன். காட்டு அணில் பழத்தை எடுத்துச் சதையைத் துப்பிவிட்டுக் கொட்டையைக் கடித்தது. எனக்குச் சுருக்கென்றது. நான் சதையை ஊட்டிக் கொட்டையை எறிந்தவள். அது துளிர் தின்றது, பட்டையை உரித்தது. இலையை ஒட்டித் தைத்த செவ்வெறும்புக் கூட்டைக் கிழித்து உள்ளே இருந்த வெள்ளை முட்டைகளை இரண்டு கையாலும் அள்ளித் தின்றது. எறும்பு கடிக்கக் கடிக்க உடம்பை உதறிக்கொண்டே தின்றது. வயிறு நிறைந்ததும் வெயில் விழும் கிளையில் நீட்டிப் படுத்தது. அதை நான் நோட்டில் எழுதவில்லை. சோம்பேறித்தனத்தை எழுதுவானேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் புதருக்குள் நுழைந்து, ஏதோ ஒரு குருவியின் கூட்டிலிருந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. உடைத்தது, குடித்தது. பிறகு அந்த ஓட்டையும் விடாமல், நொறுக்குத்தீனி மாதிரி நறநறவென்று கடித்துத் தின்றது. நான் வாளியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

"அக்கா! முட்டை! ஓட்டோட!"

பால் வாளியோடு வந்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கத்தாத பாப்பா. கிராணியம்மா காதுல விழுந்தா அணிலுக்குச் சாதி போயிரும். இது என்ன, போன மாசம் இதே அணிலு பன்னியோட எலும்பக் கடிச்சிக்கிட்டு இருந்துச்சு."

எலும்பு. ஓடு. எங்கள் வீட்டு அணிலுக்கு எலும்பு பால்ஷீட்டாக மடிகிறது, இங்கே ஒன்று ஓட்டையும் எலும்பையும் தேடித் தின்கிறது. டிரசர் ஐயா சொன்ன 'என்னவோ' இதுவாகத்தான் இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக் கட்டத்தில் ஒரு கட்டத்தை நான் காலியாக விட்டு வைத்திருந்தேன்.

அன்றே அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவளிடம் நாலு கோழி இருந்தன. முட்டை ஓடுகளைக் கழுவி, சட்டியில் வறுத்து, அவள் அம்மியிலேயே மாவாக அரைத்தேன். மருந்துப்பொடியை டிரசர் மடித்துத் தருவாரே, அதே மாதிரி காகிதத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துக்கொண்டேன். செவ்வெறும்புக் கூடு ஒன்றை அக்கா கத்தியால் கிளையோடு வெட்டி, மூடி உள்ள டின்னில் போட்டுத் தந்தாள்.

"என்னடி அது?" என்றாள் அம்மா, பொட்டலத்தைப் பிரிக்கும்போது.

"மருந்து."

"டிரசர் கொடுத்தாரா?"

"ம்," என்றேன். பொய்தான்.

எறும்பு டின்னை ஒளிக்க இடம் தேடினேன். என் தையல் பெட்டியை யாரும் திறக்கமாட்டார்கள் என்று அதற்குள் வைத்தேன். டின் மூடியில் ஒரு ஆணி ஓட்டை இருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா ரவிக்கைக்குப் பொத்தான் தைக்க நூல் தேடிப் பெட்டியைத் திறந்தாள்.

அந்தக் கூச்சல் லயம் வரை கேட்டிருக்கும். அம்மா கையை உதறுகிறாள், தலையை உதறுகிறாள், கொசுவத்தை உதறுகிறாள். எறும்பு வரிசையாகப் பூசை அறை வாசல் வரை போய்விட்டது. ஆபீசிலிருந்து அப்போதுதான் திரும்பிய அப்பா குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார்.

"எறும்பை எதுக்குடி பெட்டியில வளக்குற?" என்றாள் அம்மா.

"அணிலுக்கு."

"அணிலுக்கு எறும்பா? அப்ப அந்தப் பொடி என்ன? நெசத்தைச் சொல்லு."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "இன்னைக்கு டிரசரைப் பார்த்தேன். மருந்து கொடுத்தீங்களாமே, ரொம்ப நன்றின்னு சொன்னேன். நான் ஒண்ணும் கொடுக்கலியேன்னார்."

இனி மறைத்து என்ன? "முட்டை ஓடு," என்றேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் அடுப்பங்கரையில? முட்டை ஓடா?"

"உன் அம்மியில அரைக்கலைம்மா. அக்கா வீட்டு அம்மியில."

"வாயைப் பாரு! சாமி கை பட்டது, அதுக்குப் போய்..."

"இதுமேல சாமி கை படலைம்மா. கோடே இல்லைன்னு நீயேதானே பாத்த? இது இந்த ஊர் அணில். இந்த ஊர்ல அது என்ன திங்குதுன்னு மூணு நாள் உக்காந்து பாத்துட்டு வந்திருக்கேன். எறும்பு திங்குது, முட்டை திங்குது, எலும்பு திங்குது. நாமதான் அதைப் பால்சோறு போட்டுப் படுக்க வச்சோம். எனக்குச் சின்ன வயசுல மீன் எண்ணெய் குடுத்தியே, அது மட்டும் சைவமா?"

"அது மருந்து."

"இதுவும் மருந்து."

அம்மாவின் கையில் எறும்பு கடித்த இடமெல்லாம் தடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து பிஸ்கட் டின்னைத் தன் கையாலேயே தூக்கிப் பின்வாசலைத் தாண்டி, துணி துவைக்கும் கல்மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"கொடு, உன் இஷ்டம். ஆனா இனிமே அது உள்ள வரக்கூடாது. அதைத் தொட்டா நீயும் குளிச்சிட்டுத்தான் வரணும்."

அடுப்பங்கரையை மூன்று தடவை கழுவிவிட்டாள். நான் துவைக்கிற கல்மேல் கம்பிவலையால் ஒரு கூண்டு கட்டினேன். விரல் எல்லாம் கீறல். பருந்துக்கும் பூனைக்கும் எட்டாமல் நாலு பக்கமும் வலை, மேலேயும் வலை. அந்தக் கல் காலை வெயில் முழுவதையும் வாங்குகிற இடம். அம்மா தீட்டு என்று ஒதுக்கிவைத்த இடத்தில், பிறந்து முதல் தடவையாக அணில்மேல் வெயில் பட்டது. முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாம் நாள் வெயில் நகரும் பக்கமாக உடம்பை இழுத்து இழுத்து நகர்ந்தது. காட்டு அணில் கிளையில் நீட்டிப் படுத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நோட்டை எடுத்து 'வெயில்' என்று எழுதினேன். உணவுப் பட்டியலிலேயே எழுதினேன், வேறெங்கே எழுத?

இனி வெல்லம் கிடையாது, டின் பால் கிடையாது, சோறு கிடையாது. கொய்யாத் துளிர், பப்பாளி விதை, புதரில் அது தின்று நான் பார்த்த காட்டுப் பழத்தின் கொட்டை, எறும்பு முட்டை. எல்லாவற்றின் மேலும் ஓட்டுப்பொடி. பல் உறுதியாக ஒரு கொய்யாக் குச்சி. அணில் ஒன்றையும் தொடவில்லை. ஒரு பகல் முழுக்க இனிப்புக்காக வலையைப் பிடித்துக்கொண்டு கத்தியது. அம்மா துவைக்க வந்தவள் துணியை அப்படியே போட்டுவிட்டு நின்றாள்.

"பட்டினி போட்டே கொன்னுருவ போலிருக்கே. ஒரு வாய் பால்சோறு கொடேன்டி."

"அதைக் கொடுத்துத்தாம்மா இந்தக் கதி."

"உனக்கு ஈவிரக்கமே கிடையாதா?"

ஈவிரக்கம் இருந்ததால்தான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உச்சி வேளைக்கு அது எறும்பு முட்டையை மோந்தது. ஒன்று தின்றது. இன்னொன்று. அப்புறம் கிண்ணத்தை நக்கித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் எழுந்து போய்க் குளித்தேன். ஒரு நாளைக்கு நாலு குளியல் எனக்கு. தும்மல் நிற்கவில்லை. லயத்துப் பெண்கள் கிணற்றடியில், "பெரிய கிராணி மக அணிலுக்கு வேண்டிக்கிட்டு விரதம் இருக்குதாம்," என்று பேசிக்கொண்டதாக அக்கா வந்து சொன்னாள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, வலது பின்காலின் நகம் என் விரலைப் பற்றியது. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. வியாழக்கிழமை இடுப்பைத் தூக்கி இரண்டு அடி வைத்தது, சாய்ந்து விழுந்தது. இடது கால் அப்படியேதான் இருந்தது. இன்னும் பத்து நாள் கேட்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். வாக்குக் கொடுத்தாயிற்று. நோகிறது அதற்கு, ஆசை எனக்கு என்று அவர் சொன்னது சரிதான்.

வெள்ளிக்கிழமை சொன்னபடியே வந்தார் டிரசர். கையில் தோல் பை. அப்பா அன்று ஆபீசுக்குத் தாமதமாகப் போனார். பால் வெட்டும் அக்கா வேலை முடிந்து வாளியோடு நேரே வந்து வேலியருகே நின்றாள். அம்மா பின்வாசல் நிலைப்படியைத் தாண்டவில்லை.

டிரசர் வலைக்குள் கையை விட்டு அணிலின் இடுப்பை அழுத்தினார். அது திரும்பி அவர் கட்டைவிரலைக் கடித்தது.

"ஆ! கடிக்கிறான்!" விரலைப் பார்த்தார். ரத்தம். "ஓம், பல்லு உறுதியாப் போச்சு. சரி, கொம்பில விடும்."

பின்கட்டில் ஒரு கொய்யா மரம் இருந்தது. அணிலை எடுத்து, என் மார்பு உயரத்தில் அடிமரத்தோடு சேர்த்து வைத்துக் கையை எடுத்தேன். சரிந்தது. ஒரு சாண் சரிந்தது. வலது காலின் நகம் பட்டையில் மாட்டி நின்றது. இடது கால் காற்றில் துழாவியது. நான் கையை நீட்டப் போனேன்.

"தொடாதேயும்," என்றார் டிரசர்.

பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். அணில் தொங்கிக்கொண்டே மூச்சு வாங்கியது. பிறகு முன்கால்களை மேலே வீசியது, இடுப்பைத் தூக்கியது, இடது காலையும் எப்படியோ பட்டையில் ஊன்றியது. ஒரு சாண். இன்னொரு சாண். கோணலாக, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே, முதல் கவைக்குப் போய் உட்கார்ந்து வாலை ஒரு வெட்டு வெட்டியது.

வேலியருகே அக்கா வாளியைத் தட்டினாள். "ஏறிருச்சுலா! ஐயா, பையை மூடிக்கிட்டுப் போங்க!"

டிரசர் பையைத் திறக்கவேயில்லை. "எது சுகப்படுத்தினது? ஓடோ, எறும்போ, வெய்யிலோ?"

"தெரியலை ஐயா. எல்லாத்தையும் ஒண்ணாச் செஞ்சுட்டேன்."

"அப்ப உது வைத்தியமில்லை, பிடிவாதம்." கட்டைவிரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். "எண்டாலும் அந்த நோட்டை ஒருக்காத் தாரும், வாசிச்சிட்டுத் தாறன்."

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இடது கால் கடைசி வரை கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் ஒரு மாதத்தில் அது கொய்யாவிலிருந்து பலாவுக்கும், பலாவிலிருந்து கூரைக்கும் போக ஆரம்பித்தது. கூண்டுக் கதவைத் திறந்தே வைத்தேன். ஆனால் வேளை தவறாமல் துவைக்கிற கல்லுக்கு இறங்கி வந்துவிடும். என் கை திறக்கும், அது தின்னும். கோணல் காலோடு தரைக்கு இறங்குகிற அணிலைப் பூனை எத்தனை நாள் விட்டுவைக்கும்? நான் ஈப்போவுக்கு ஒரு வாரம் போனால் அதற்கு யார் எறும்பு பிடிப்பார்கள்? மரத்தில் ஏறவைத்தது பாதி வேலைதான். தானே தேடித் தின்ன வைத்தால்தான் முழு வேலை. ஒரு காலையில் கையை மூடிக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

முதல் நாள் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் நாள் கல்மேல் உட்கார்ந்து கத்தியது. மூன்றாம் நாள் நான் பின்கட்டுக்கு வந்தபோது, கல்மேல் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் பால்சோறு. நெய் வாசனை. பக்கத்தில் அம்மா.

"அம்மா!"

"அது வெளியிலதானே இருக்கு. வெளியில வச்சேன். என்ன தப்பு?"

நான் இலையோடு எடுத்து மடித்தேன். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "மூணு மாசம் மடியில வச்சு வளத்தது. அது கேக்குது, நீ கையைக் கட்டிக்கிட்டு நிக்குற. கல் நெஞ்சுடி உனக்கு."

"இருக்கட்டும்," என்றேன். இலையைக் கொடுக்கவில்லை.

அணில் கொய்யா மரத்தில் தலைகீழாக இறங்கி, எங்கள் தலைக்கு நேராக நின்றது. என் கையைப் பார்த்தது. அம்மா கையைப் பார்த்தது. இரண்டு பேரும் அசையவில்லை. அது வாலை உதறிக்கொண்டு ஒரு தடவை கத்தியது. நாங்கள் அப்போதும் அசையவில்லை. சற்று நேரம் கழித்து அது அடிமரத்தில் பக்கவாட்டாகத் திரும்பியது. பட்டைமேல் செவ்வெறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் மேலேயே கிளையில் இலைகளை ஒட்டிய கூடு. கோணல் காலை ஊன்றி மேலே போய், கூட்டைக் கிழித்து, இரண்டு கையாலும் அள்ளி வாயில் போட்டது. எறும்பு கடிக்க, உடம்பை உதறிக்கொண்டே தின்றது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"எறும்பையா திங்குது?"

"ஆமாம்மா."

முகத்தைச் சுளித்தாள். திரும்பிப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நல்லா மென்னு திங்குதா, பாரு."